பழைய கார்பன் சைக்கிள் வாங்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றுச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என் அக்கா பையன் வாட்ஸப்பில் எட்டு போட்டோ அனுப்பினான். கறுப்பு கலர் ரோட் பைக். ஃப்ரேம், ஃபோர்க், ஹேண்டில்பார், சீட்போஸ்ட் எல்லாமே கார்பன். ஆறு வருஷம் ஓடினது. பெங்களூரில் ஒருத்தர் விற்கிறார். புதுசு என்றால் இரண்டு லட்சத்துக்கு மேலே போகும், இவர் 68,000 கேட்கிறார். போட்டோக்களுக்குக் கீழே ஒரே வரி: "மாமா, எடுத்துடட்டுமா?"

நான் ஆம்பூர்க்காரன். இருபத்திரண்டு வருஷமாக டேனரியில் தோல் செலக்‌ஷன் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிள். இந்த எபிசோடுக்கு என்னைக் கூப்பிட்டது சைக்கிளைப் பற்றிப் பேசத்தான். ஆனால் பாதி நேரம் தோலைப் பற்றித்தான் பேசப்போகிறேன், பொறுத்துக்கோங்க.

அவனுக்கு நான் உடனே பதில் போடவில்லை. காரணம், என் முன்பல் இரண்டும் என்னுடைய சொந்தப் பல் கிடையாது. 3,500 ரூபாய்க்கு வாங்கின ஒரு பழைய கார்பன் ஹேண்டில்பார் செய்த வேலை அது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2018. "ஒரு தடவைகூட கீழே விழாத பார் சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு, ஒரு கீறல் கிடையாது. மாட்டிக்கொண்டு ஏலகிரி ஏறினேன், இறங்கினேன். அந்தப் பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் பள்ளிகொண்டா பக்கம் சர்வீஸ் ரோடு. சமதளம். வேகம் இருபத்தைந்துகூட இருக்காது. ஒரு சின்ன ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டி எழுந்து நின்று மிதித்தேன், பாரை இழுத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். வலது கையில் பாதி பார், முகம் தார் ரோட்டில்.

இரண்டு பல், மணிக்கட்டில் ஒரு எலும்பு. பின்னால் லாரி வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உடைந்த துண்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். சரியாக ஸ்டெம் கவ்வுகிற இடத்தின் விளிம்பில் உடைந்திருந்தது. விற்றவர் மேல் பயங்கரக் கோபம். ஆனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு விஷயம் உறைத்தது. அந்த பாரை மாட்டினது யார்? நான்தான். எதை வைத்து இறுக்கினேன்? வீட்டில் இருந்த எல்-கீ. எவ்வளவு இறுக்கினேன்? கை வலிக்கிற வரைக்கும். அந்த மாதிரி ஸ்டெம் போல்ட்டில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும். அப்படி என்றால், பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள எல்-கீயின் நுனியில் ஏறக்குறைய அஞ்சு கிலோ அழுத்தம். இரண்டு விரலில் கொடுக்கிற அழுத்தம்தான் அது. நான் தோள்பட்டையில் இருந்து கொடுத்திருக்கிறேன்.

அப்போ அந்த பாரைக் கொன்றது யார்? எனக்கு முன்னாடி வைத்திருந்தவரா, நானா? இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அந்த பார் சொல்லவும் இல்லை. பழைய கார்பனில் எனக்குள்ள பிரச்சினையே இதுதான். பொருள் மோசம் என்று இல்லை. அதற்கு என்ன நடந்தது என்பதை அது வெளியில் காட்டாது.

கார்பன் என்று நாம் சொல்வது ஒரே பொருள் கிடையாது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள், அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற எபாக்ஸி பிசின். துணி மாதிரித் தாள் தாளாக அடுக்கி, அச்சில் வைத்து, சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்வது. இழையின் நீளவாக்கில் இழுத்தால் எஃகே தோற்றுவிடும். ஆனால் பக்கவாட்டில் நசுக்கினால், குத்தினால், சொறுகிப்போகும். எந்த அடுக்கு எந்தத் திசையில் போகவேண்டும் என்பதுதான் டிசைன் செய்கிறவரின் வேலை. ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. தோலும் ஒரு பக்கம் இழுத்தால் நிற்கும், இன்னொரு பக்கம் இழுத்தால் நீளும். அதைப் பார்த்துத்தான் ஷூவின் முன்பாகத்துக்கு டையை வைப்பார்கள். தப்பாக வைத்தால் லாஸ்டில் ஏற்றும்போதே தெரிந்துவிடும்.

இப்போ ஒரு அடி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்க அப்பாவிடம் ஒரு ஹெர்குலிஸ் இருந்தது. கேரியரில் தோல் கட்டு வைத்துக்கட்டி ஓட்டுவார். ஒரு தடவை மாட்டு வண்டியில் இடித்து ஃபோர்க் பின்னால் வளைந்துவிட்டது. பட்டறையில் கொடுத்து நெம்பி நேராக்கினார், இன்னும் பத்து வருஷம் ஓட்டினார். எஃகு வளையும். அலுமினியம் நசுங்கிக் குழி விழும். இரண்டும், "எனக்கு அடிபட்டிருக்கு"ன்னு நம்மகிட்ட சொல்லிடும். கார்பன் அப்படி இல்லை. அடி விழுந்ததும் உள்ளே போய், திரும்பப் பழைய வடிவத்துக்கே வந்து நின்றுவிடலாம். மேலே பெயின்ட் அப்படியே இருக்கும். உள்ளே அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் பிசின் விட்டுப்போயிருக்கும்.

எங்கள் தொழிலில் இதற்குச் சமமானது 'லூஸ் க்ரெய்ன்'. தோலின் மேல் அடுக்கு கீழ் அடுக்கை விட்டுப் பிரிந்து நிற்கும். க்ரஸ்ட்டாக இருக்கும்போது மடக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், சுருக்கம் பெரிசு பெரிசாக விழும். பிக்மென்ட் அடித்து, லாக்கர் ஏற்றி, ப்ளேட் போட்டு எடுத்துவிட்டால் பார்வைக்கு முதல் தரம். அதனால்தான் தோல் வாங்குகிறவர் மினுமினுப்பைப் பார்த்து மயங்கமாட்டார். திருப்புவார், சதைப்பக்கம் பார்ப்பார், மடக்குவார், ஓரத்தில் விரலை ஓட்டுவார். ஆனால் சைக்கிள் விளம்பரத்தில் வருகிற எட்டு போட்டோவும் மினுமினுப்புதான்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. தோலுக்கு லாஸ்டோமீட்டர் என்று ஒரு சோதனை. வட்டமாக ஒரு துண்டு வெட்டி, நடுவில் உருண்டையை வைத்து அமுக்கிக்கொண்டே போவார்கள். எவ்வளவு உயரத்தில் மேல்பக்கம் வெடிக்கிறது என்று குறிப்பார்கள். அந்தத் துண்டு காலி. ஆனால் லாட்டில் மீதித் தோல் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். சைக்கிள் பாகங்களுக்கும் ஐ.எஸ்.ஓ. 4210 என்று சர்வதேசத் தரம் இருக்கிறது. லட்சக்கணக்கான தடவை அழுத்தி, எடையைப் போட்டு இடித்துச் சோதிக்கிறார்கள். அதெல்லாம் புதுப் பொருளின் மாதிரிக்கு. ஆறு வருஷம் ஓடி, ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு வந்த ஃபோர்க் என்பது ஒரே ஒரு துண்டு உள்ள லாட். அதை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும், உடைத்துவிட்டால் ஓட்டமுடியாது.

இதையெல்லாம் போனில் பையனிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ சி.எம்.சி.க்கு எடுத்துனு போய் ஒரு ஸ்கேன் எடுத்துடலாமா மாமா?" என்றான். வேலூரில் படிக்கிறவன், அந்தக் கொழுப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் விஷயம் உண்மை. விமானத் தொழிலில் கார்பன் பாகங்களை அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்கள், சி.டி. ஸ்கேனும் எடுக்கிறார்கள். போயிங் 787 எடையில் ஏறக்குறைய பாதி இந்த மாதிரிக் கூட்டுப்பொருள்தான். கார்பனுக்கு எக்ஸ்பயரி டேட் உண்டு, அஞ்சு வருஷம் ஆனால் தூக்கிப் போடணும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம். சும்மா நாள் ஆனதால் அது கெடுவதில்லை. ஆனால் அந்த விமானத்தின் மேல் ஒரு ஏணி இடித்தால்கூட எழுதிவைக்கவேண்டும். நம்ம சைக்கிளுக்கு யார் எழுதிவைத்தார்கள்?

சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று முடிவு. ஆம்பூரில் ரயில் ஏறினோம். பையில் எல்-கீ செட், டார்க் ரெஞ்ச், டார்ச் லைட், பழைய காட்டன் பனியன் ஒன்று, ஒரு அஞ்சு ரூபாய் நாணயம்.

விற்கிறவர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, தங்கமான மனுஷன். காப்பி கொடுத்தார். நான் முதலில் சீட்போஸ்டைக் கழற்றினேன். அப்புறம் ஹேண்டில் டேப்பைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். அப்புறம் ஃபோர்க்கை வெளியே எடுக்கணும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க, சைக்கிள் வாங்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்ண வந்தீங்களா?" என்றார். இரண்டுக்கும்தான் என்றேன். கழற்றவிடாத ஆளிடம் கார்பன் வாங்காதீர்கள். அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஏன் கழற்றணும்? கார்பன் அடிபடுகிற இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இல்லை. கவ்வுகிற இடத்தில்தான் இருக்கும். ஸ்டெம்முக்கு அடியில், பிரேக் லீவரின் பட்டைக்கு அடியில், சீட் கிளாம்ப்புக்கு உள்ளே. உலோகம் கார்பனைத் தொடுகிற இடம் இன்னொன்று. கார்பனும் அலுமினியமும் ஒட்டி நின்று நடுவில் உப்புத்தண்ணி போனால் அலுமினியம் அரிக்கும், வெள்ளையாக மாவு தள்ளும். எங்க ஊரில் பச்சைத் தோலுக்குப் போடுகிற உப்பு இருக்கிறது, அது வேறு கதை. சைக்கிளுக்கு நம்ம வேர்வையே போதும், அதுவும் வேலூர் கத்திரி வெயிலில். இந்த பைக்கில் சீட்போஸ்ட் லேசாக வந்தது, மாவு இல்லை, நல்லது.

ஃப்ரேமை ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். தோல் பார்க்கும்போதும் வெளிச்சம் சாய்வாகத்தான் வரணும், நேர் வெளிச்சத்தில் எல்லாத் தோலும் நல்ல தோல்தான். பனியனை ட்யூப் மேல் வைத்து இழுத்தோம். இழை எங்கேயாவது பிய்ந்து நின்றால் துணி மாட்டும். மாட்டவில்லை. நாணயத்தால் தட்டினோம். நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று கூர்மையாகக் கேட்கும், அடுக்கு விட்ட இடத்தில் 'தொப்' என்று மந்தமாகும். ஆனால் கனம் மாறுகிற இடத்திலும், உள்ளே உலோகம் வைத்த இடத்திலும் சத்தம் மாறும். அதனால் இடது பக்கத்தை வலது பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் கேட்கணும். இது சந்தேகத்தைக் கிளப்புகிற சோதனைதானே தவிர, சர்டிபிகேட் இல்லை. செயின் விழுந்து கீறின தடம் ஒன்று பின்பக்கம் இருந்தது, மேலோட்டமானது. ஃப்ரேம் பரவாயில்லை என்று தோன்றியது.

ஃபோர்க்கைக் கழற்றினோம். மேலே நீண்டு, ஸ்டெம் கவ்வுகிற குழாய் இருக்கிறதல்லவா, ஸ்டியரர் என்பார்கள். அதில் ஸ்டெம்மின் கீழ் விளிம்பு உட்கார்ந்த இடத்தில் பாதிச் சுற்றுக்கு ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது.

அவரைப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார். மூணு வருஷத்துக்கு முன்னால் நந்தி ஹில்ஸ் இறக்கத்தில் ஒரு தடவை விழுந்திருக்கிறார். "ஸ்லோவாத்தானுங்க. பெயின்ட்டுகூடப் போகலை." பொய் சொல்கிற முகம் இல்லை. அவருக்கு அது ஒரு விஷயமாகவே மனசில் நிற்கவில்லை. நல்லவர்கிட்ட வாங்கினால் நல்ல பொருள் கிடைக்கும் என்பது கார்பனுக்குச் செல்லாது, ஏன்னா நல்லவருக்கே தெரியாது.

ஸ்டியரர் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கிறது. 2006 பாரிஸ்–ரூபே பந்தயம், கல் பாவின ரோடு. அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காபி முன்னணியில் போய்க்கொண்டிருக்கிறார். ஸ்டியரர் அறுந்து ஹேண்டில்பார் தனியாகக் கையோடு வந்துவிட்டது. சில வினாடி ஒன்றும் செய்யமுடியாமல் போய்க் கீழே விழுந்தார். அதே பந்தயத்தில் அவர் முன்னாடியே ஒரு தடவை விழுந்திருந்தார், அதில் அடிபட்டதுதான் காரணம் என்று தயாரிப்பாளர் தரப்பில் சொன்னார்கள். இதில் கவனிக்கவேண்டியது, அது கார்பன் ஸ்டியரரே இல்லை. அலுமினியம். ஒரு தடவை விழுந்த முன்பக்கத்துப் பாகம் எந்தப் பொருளில் செய்ததாக இருந்தாலும் எனக்கு ஆகாது.

"புதுசு மட்டும் உடையாதா?" என்று பையன் ரயிலிலேயே கேட்டான். உடையும். 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் லெ சமின் பந்தயத்தில் மத்தியூ வான் டெர் பூல் கையில் கார்பன் ஹேண்டில்பார் உடைந்தது. கேன்யன் கம்பெனியின் புது மாடல். உடனே அந்த மாடலை வைத்திருந்த வாடிக்கையாளர்களிடம் ஓட்டவேண்டாம் என்று கம்பெனியே சொன்னது. 2023 செப்டம்பரில் ஷிமானோ, 2019 ஜூலைக்கு முன் செய்த, ஒட்டு வைத்த அலுமினிய கிராங்க்குகளைப் பரிசோதனைக்குத் திரும்பக் கூப்பிட்டது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000. ஒட்டு விட்டுப்போனதாக 4,500க்கு மேல் புகார்கள். புதுசாக வாங்கினவருக்கு இந்தச் செய்தி வந்து சேர ஒரு வழி இருக்கிறது. மூணாவது கையாக வாங்கினவரை யார் கூப்பிடுவார்கள்? பெரும்பாலான கம்பெனிகளின் வாரன்ட்டியும் முதல் சொந்தக்காரரோடு முடிந்துவிடும். பழசு வாங்கினால் அந்த மாடல் பெயரை வைத்து ரீகால் இருக்கிறதா என்று நாமேதான் தேடணும். அந்த பைக்கிலும் கிராங்க் ஷிமானோதான். பின்பக்கத்தில் இருந்த இரண்டு எழுத்துக் குறியீட்டைப் பார்த்தோம், பட்டியலில் இல்லை.

கார்பன் வீலைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். ரிம் பிரேக் போட்ட பழைய கார்பன் வீல் என்றால் நான் தொடமாட்டேன். ஏலகிரியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு முழுக்க ரிம்மில்தான் போகும். அலுமினியம் சூட்டைக் கடத்திவிடும், கார்பனில் பிசின் இளகும். டயர் காற்று உள்ளிருந்து தள்ளும், ரிம் ஓரம் வெளியே பிதுங்கும். விரலை ஓட்டிப் பார்த்தால் மேடு தெரியும். டிஸ்க் பிரேக் வீல் என்றால் அந்தப் பயம் இல்லை, குழியில் இடித்த அடி மட்டும் பார்க்கணும்.

பேரத்துக்கு வருகிறேன். நான் அவரிடம் சொன்னது: ஃப்ரேமுக்கும் மற்ற சாமானுக்கும் விலை சொல்லுங்க. ஃபோர்க், ஹேண்டில்பார், சீட்போஸ்ட் மூணுக்கும் விலை பூஜ்யம். ஃப்ரேம் கெட்டால் பெரும்பாலும் முனகும், பெயின்ட் விரியும், கொஞ்சம் முன்கூட்டியே தெரிய வாய்ப்பு இருக்கு. ஃபோர்க்கும் பாரும் போனால் முகம்தான். ஒரு பாகம் உடைந்தால் நான் எங்கே விழுவேன் என்று யோசித்துத்தான் பழசா புதுசா என்று முடிவு செய்கிறேன்.

48,000க்கு முடிந்தது. அப்போ அவர் சொன்னார், "சரிங்க, ஃபோர்க்க இங்கயே வெச்சுட்டுப் போங்க, தனியா போட்டா நாலாயிரத்துக்காவது போகும்."

பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவனே பாக்கெட்டில் இருந்து எடுத்து ஆயிரம் ரூபாய் கொடுத்தான். "சார், அது எனக்கே வேணும்." அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் இன்னொரு காப்பி வந்தது.

புது ஃபோர்க் 15,000. அலுமினிய ஹேண்டில்பார், அலுமினிய சீட்போஸ்ட், டேப் எல்லாம் சேர்த்து 4,200. கூட்டிப் பார்த்தால் 68,200. அவர் முதலில் கேட்ட விலையைவிட 200 ரூபாய் அதிகம். அக்காவிடம் இந்தக் கணக்கை இன்னும் சொல்லவில்லை, அவள் இதைக் கேட்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு மாடியில் அந்தப் பழைய ஃபோர்க்கை ரம்பம் போட்டு அறுத்தோம். வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்பதுதான் முக்கியக் காரணம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசையும் இருந்தது. அறுக்கிறவர்கள் மாஸ்க் போட்டு, தண்ணி விட்டுக்கொண்டே அறுங்க. அந்தத் தூள் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது.

கோடு இருந்த இடத்தில் குறுக்கே அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தோம். அடுக்கடுக்காக, பன் பரோட்டா மாதிரி அழகாக இருந்தது. அந்தக் கோடு மேல் லாக்கரைத் தாண்டி உள்ளே போனதாகத் தெரியவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் அறுத்தோம். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"மாமா, இது நல்ல ஃபோர்க்குதான் போல."

"இருக்கலாம்டா."

"பதினஞ்சாயிரம் மாமா."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டியரரில் அரை அடித் துண்டு மட்டும் எடுத்துக்கொண்டான். இப்போ ஹாஸ்டலில் அவன் மேஜை மேல் அதுதான் பேனா ஸ்டாண்டு.